கண்டிச்சீமையும் ஒரு மில்லிகிராம் ஊசியும்

பிள்ளை பிறந்ததும் போடுற முதல் ஊசி எதுன்னு கேட்டா, பி.சி.ஜி.ன்னுதான் சொல்லுவோம். கையில தழும்பு இருக்கே! ஆனா அதோட சேர்த்து, பிறந்த சில மணி நேரத்துக்குள்ளேயே தொடையில் இன்னொண்ணும் போட்டிருப்பாங்க. விற்றமின் கே, வழக்கமா ஒரு மில்லிகிராம். தழும்பு விழாததால அதைப் பற்றி யாரும் பேசுறதில்லை.

1894இல் பொஸ்டன் நகர டொக்டர் சார்ல்ஸ் டவுன்செண்ட் 50 பச்சிளம் குழந்தைகளைப் பற்றி எழுதினார். பிறந்த சில நாளில் தொப்புள், குடல், தோல் என்று பல இடங்களில் இரத்தம் கசிந்தது. பரம்பரை நோய் இல்லை, பிழைத்த பிள்ளைக்கு அது திரும்ப வரவும் இல்லை. காரணம்தான் பிடிபடவில்லை. 1929இல் கோப்பன்ஹேகனில் ஹென்ரிக் டாம் கொழுப்பு நீக்கிய தீனி கொடுத்து வளர்த்த கோழிக்குஞ்சுகளுக்கும் இரத்தம் உறையாமல் கசிந்தது. தீனியில் இல்லாமல் போன சத்துக்கு 1935இல் 'கே' என்று பெயர் வைத்தார். இரத்தம் உறைவதைக் குறிக்கும் சொல் அவர் மொழியில் அந்த எழுத்தில் தொடங்கும். 1943க்கான நோபல் பரிசை எட்வர்ட் டொய்சியோடு பகிர்ந்துகொண்டார்.

இரத்தத்தை உறைய வைக்கும் புரதங்கள் சிலவற்றை ஈரல் செய்து முடிக்க இந்தச் சத்து வேணும். அம்மா எவ்வளவு கீரை சாப்பிட்டாலும் நச்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போவது கொஞ்சம்தான். தாய்ப்பாலிலும் குறைவு. அதனால்தான் எல்லாப் பிள்ளைக்கும் ஊசி. (தேயிலையிலும் விற்றமின் கே நிறைய உண்டு. ஆனா கொழுப்பில் கரையும் சத்து அது, தேத்தண்ணியில் இறங்காது.)

மலையகத்துக்கு இதில் தனியா ஒரு பங்கு இருக்கு. 2,500 கிராமுக்குக் கீழே பிறந்தால் 'குறைமாதப் பிள்ளை' என்றே ஒரு காலத்தில் உலகம் முழுக்கக் கணக்கு வைத்தார்கள். 1961இல்தான் உலக சுகாதார நிறுவனம் 'நிறை குறைந்த பிள்ளை' என்பதையும் 'முந்திப் பிறந்த பிள்ளை' என்பதையும் பிரித்தது. பத்து மாதமும் நிறைந்து, ஆனா வத்தலாய்ப் பிறக்கும் பிள்ளையை அப்புறம்தான் தனியாய்ப் பார்க்கத் தொடங்கினார்கள். என் அம்மாயிக்கு அந்த வித்தியாசம் எப்பவோ தெரியும். "நாள் தப்பல, உள்ளுக்குள்ளயே காஞ்சிருச்சு" என்பார்.

உள்ளே காய்ந்த பிள்ளைக்கு நடப்பது இது. நச்சுக்கொடி வழியாக ஒட்சிசன் போதாமல் போகும்போது, எலும்பு மச்சை சிவப்பணுக்களை அதிகமாகச் செய்து சமாளிக்கப் பார்க்கும். இரத்தம் தடிக்கும். அந்த அவசரத்தில் இரத்தத்தை அடைக்கும் சிறுதட்டுகள் குறைந்து போகும். ஈரலும் சிறுத்திருப்பதால் உறைதல் புரதங்களும் குறைவு. குதிகாலில் குத்திய இடத்தில் இரத்தம் நிற்காது. மூளைக்குள் கசிந்தால்தான் ஆபத்து. விற்றமின் கே ஊசி இதில் ஒரு பாதியைத்தான் தீர்க்கும். குறைந்த சிறுதட்டுகளையோ தடித்த இரத்தத்தையோ அது தொடாது.

மற்றப் பாதி எங்கே தொடங்குது? 1867இல் ஜேம்ஸ் டெய்லர் ஹேவாஹெட்டப் பக்கம் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். அதுக்கு முந்தியே கோப்பிக்காக எங்கள் ஆட்கள் 'கண்டிச்சீமை'க்கு நடந்தே வந்திருந்தார்கள். தோட்டத்தில் கொழுந்தை ஒவ்வொரு நாளும் நிறுத்து, கணக்குப்புத்தகத்தில் ஏற்றி, குறைந்தால் அரைப்பேர் போட்டார்கள். லயத்துக் காம்பராவில் பிறந்த பிள்ளையின் நிறை அந்தப் புத்தகத்துக்குத் தேவைப்படவில்லை. 1872இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்தது. 1939இல் பேறுகால நன்மைகள் கட்டளைச் சட்டமும் வந்தது. இரண்டும் முக்கியமானவை, மறுக்கவில்லை. ஆனா வயிற்றுப்பிள்ளையோடு மலைச்சரிவில் கூடை சுமப்பதும், ரொட்டியும் வெறும் தேத்தண்ணியுமாய் நாள் ஓடுவதும் சட்டத்தால் நிற்கவில்லை. 1948இல் குடியுரிமையும் பறிபோனது. 1973-74 உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் சாவு கூடியது. அந்தப் பசியில் சிறுமியாய் இருந்தவர்கள் பின்னாளில் தாய்மார் ஆனார்கள். குள்ளமாய், இரத்தசோகையோடு வளர்ந்த தாய்க்கு நிறை குறைந்த பிள்ளை பிறக்க வாய்ப்பு அதிகம். இதை 'விதி' என்று எங்கள் ஊரில் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும்.

2006/07 குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வில் தோட்டப்பகுதிப் பிள்ளைகளில் 31 வீதம் 2,500 கிராமுக்குக் கீழே பிறந்திருந்தார்கள். நாடு முழுவதற்கும் அது சுமார் 17 வீதம்.

இப்போ லயத்தில் பிரசவம் மிக அரிது. புசல்லாவையிலோ தெல்தோட்டையிலோ சிக்கலான கர்ப்பம் என்றால் கண்டிக்கோ பேராதனைக்கோ அனுப்புறாங்க. அங்கே ஊசி இருக்கு, சிறுதட்டு ஏற்றும் வசதி இருக்கு, பச்சிளம் குழந்தைகளுக்கான தனி வாட்டும் இருக்கு. வாட்டுக்குப் போகாமலே இருக்க வைக்கும் வேலை தோட்டத்துக் கிளினிக்கில், மருத்துவிச்சி கொடுக்கும் இரும்புச்சத்துக் குளிசையில் தொடங்குது. கொடுக்கும்போது அவர் மறக்காமல் ஒண்ணு சொல்லுவார்: இதைத் தேத்தண்ணியோட குடிச்சிராதீங்க, சத்து உடம்புல சேராது.