புலித்தைலத் தோட்டமும் நுழைவுச் சீட்டும்

பள்ளி விடுமுறை நெருங்குந்தோறும் குடும்பங்களில் எழும் வழக்கு ஒன்றுண்டு. கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லுமாறு பிள்ளைகள் கேட்பர். தந்தையார் நுழைவுச் சீட்டின் விலையைத் தலைக்கணக்கில் பெருக்கி, பேருந்துக் கட்டணம், விடுதி வாடகை, உள்ளே விற்கும் உணவின் விலை ஆகியவற்றையும் கூட்டிப் பார்த்துப் பெருமூச்செறிவார். 'ஒரு மாத வீட்டுச் செலவை ஒரே நாளில் சுற்றித் தொலைப்பதா?' என்று பாட்டனார் குறுக்கிடுவார். வழக்கு பெரும்பாலும் பிள்ளைகளின் பக்கமே தீர்ப்பாகும். எனினும் பாட்டனாரின் கேள்வி அதனால் மறைந்துவிடுவதில்லை.

இக்கேள்வி வரலாற்றுக்கு உரியதன்று என்று சிலர் கருதலாம். அது பொருந்தாது. கேளிக்கைக்கு மக்கள் எவ்வாறு பணம் செலுத்தினர் என்பதும் சமுதாய வரலாற்றின் ஒரு கூறேயாகும். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கடந்த நூறாண்டுகளில் எழுந்தும் வீழ்ந்தும் போன பூங்காக்கள் இதற்குப் போதிய சான்று பகர்கின்றன. அவற்றுள்ளும் ஒரு தோட்டம், முதலில் இலவசமாக இருந்து, பின்னர்க் கட்டணப் பூங்காவாகி, மீண்டும் இலவசமானது. ஒரே இடத்தில் இருவகைச் சோதனையும் நடந்தமையால் அதன் கதை விரித்துரைக்கத் தக்கது.

அதற்குமுன் 'உலகங்கள்' எனப் பெயர் பூண்ட பூங்காக்களைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். சிங்கப்பூரில் ஜாலான் புசார் வட்டாரத்தில் 1923ஆம் ஆண்டு 'நியூ வோர்ல்டு' திறக்கப்பெற்றது. ஓங் பூன் டாட், ஓங் பெங் ஹோக் என்னும் உடன்பிறப்பினர் அதனைத் தோற்றுவித்தனர். 1931இல் கிம் செங் சாலையில் 'கிரேட் வோர்ல்டு' தோன்றிற்று. அதே பத்தாண்டில் கேலாங் பகுதியில் 'ஹேப்பி வோர்ல்டு' எழுந்தது. பிற்காலத்தில் அது 'கே வோர்ல்டு' எனப் பெயர் மாறிற்று. கோலாலம்பூர் மக்களுக்குப் புக்கிட் பிந்தாங்கில் இருந்த 'பிபி பார்க்' அத்தகைய இடமாய் விளங்கிற்று. மலாய் மக்களின் பங்சாவான் நாடகம், சீன இசை நாடகம், திரைப்படக் கொட்டகை, ராட்டினம், மல்யுத்தம், குத்துச்சண்டை, ஜோகெட் நடன மேடை, உணவுக் கடைகள் ஆகிய யாவும் ஒரே வேலிக்குள் அமைந்திருந்தன. கிங்காங், தாராசிங் முதலிய மல்லர்களின் பெயர்கள் அக்காலத்துச் சிறுவர்களின் நாவில் புரண்டமைக்கு இவ்வரங்குகளும் காரணமாகும். நியூ வோர்ல்டு சிராங்கூன் சாலைக்கு அண்மையில் இருந்தமையால் இந்தியர் கால்நடையாகவே செல்லக்கூடிய இடமாகவும் அமைந்தது.

இவ்வுலகங்களில் பணம் பெறப்பட்ட முறையை மாணவர்கள் கூர்ந்து நோக்குதல் வேண்டும். வாயிலில் பெற்ற கட்டணம் சில காசுகளே. உள்ளே சென்ற பின், ராட்டினத்துக்குத் தனிக்காசு, படத்துக்குத் தனிக்காசு, மல்யுத்தத்துக்குத் தனிக்காசு என்பதே வழக்கம். ஆதலின் ஐந்து பிள்ளைகளைப் பெற்ற கூலித் தொழிலாளியும் தன் குடும்பத்தோடு உள்ளே நுழைய முடிந்தது. ஒருவர் ராட்டினம் ஏற, நால்வர் கீழே நின்று கை காட்டலாம். விளக்குகளையும் மக்கள் திரளையும் பார்ப்பதற்கு எவரும் காசு கேட்டதில்லை. ஆயினும் இவ்வுலகங்களை அப்பழுக்கற்றவை எனப் புகழ்வதும் பொருந்தாது. நடன மாதர் கூடங்களும் பரிசு விளையாட்டுக் கடைகளும் இருந்தமையால், பிள்ளைகளை அழைத்துச் செல்லத் தயங்கிய பெற்றோரும் இருந்தனர். பின்னர்த் தொலைக்காட்சியும் குளிரூட்டப்பட்ட பேரங்காடிகளும் வந்தன. உலகங்கள் ஒவ்வொன்றாய் மங்கின. பிபி பார்க் இருந்த நிலத்தில் சுங்கை வாங் பிளாசா எழுந்தது. கிரேட் வோர்ல்டு இருந்த இடத்திலும் நியூ வோர்ல்டு இருந்த இடத்திலும் இன்று பேரங்காடிகளே நிற்கின்றன.

இவை வாழ்ந்த காலத்திலேயே அமெரிக்காவில் வேறொரு முறை உருவாகிக்கொண்டிருந்தது. தம் பெண்மக்கள் ராட்டினம் சுற்றுகையில் தாம் மட்டும் இருக்கையில் வெறுமனே அமர்ந்திருக்க நேர்ந்ததை எண்ணிப் பார்த்த வால்ட் டிஸ்னி, பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழும் இடம் ஒன்று வேண்டும் எனக் கருதினார். 1843இல் திறக்கப்பெற்ற கோப்பன்ஹேகன் நகரத் திவோலித் தோட்டத்தின் தூய்மையும் அவரைக் கவர்ந்தது. கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் 1955ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் டிஸ்னிலாந்து திறக்கப்பெற்றது. தொடக்கத்தில் நுழைவுக் கட்டணம் பெரியவர்க்கு ஒரு டாலர். சிறுவர்க்கு அரை டாலர். விளையாட்டுகளுக்குத் தனிச் சீட்டுகள் வாங்கவேண்டும். அவ்வகையில் அதுவும் நியூ வோர்ல்டின் உறவினனே. 1982இல்தான் தனிச் சீட்டுப் புத்தகங்கள் நீக்கப்பட்டு, வாயிலில் ஒரே தொகை, உள்ளே யாவும் இலவசம் என்னும் முறை நிலைபெற்றது. இன்று அங்கு பெரியவர் ஒருவருக்கான ஒரு நாள் சீட்டு நூறு டாலருக்குக் குறைந்து கிடைப்பதில்லை.

இம்மாற்றம் வெறும் கணக்கு மாற்றமன்று. தனித்தனியே காசு கொடுத்த காலத்தில், தேவையானதை மட்டும் வாங்கினர். ஒரே தொகை கொடுத்தவரோ, கொடுத்த பணத்துக்கு ஈடுகட்டியாகவேண்டும் என்னும் கவலைக்கு ஆட்படுகின்றார். பாட்டியார் எதிலும் ஏறுவதில்லை. எனினும் அவருக்கும் சீட்டு வாங்கவேண்டும். ஆதலின் பாட்டியார் வீட்டிலேயே விடப்படுகின்றார். குடும்பம் முழுவதும் சேர்ந்து மகிழ்தல் என்னும் நோக்கத்தில் பிறந்த பூங்கா, குடும்பத்தின் மூத்தோரைக் கழித்துவிடும் நிலை இவ்வாறு ஏற்பட்டது.

இனி, முன்னர்க் குறிப்பிட்ட தோட்டத்துக்கு வருவோம்.

பர்மாவின் ரங்கூன் நகரில் ஆவ் சூ கின் என்னும் சீன மருத்துவர் 'எங் ஆன் டோங்' என்னும் மருந்துக் கடை நடத்திவந்தார். அவருடைய மைந்தருள் இருவர் குறிப்பிடத் தக்கவர். ஆவ் பூன் ஹாவ் என்பதற்கு மென்மையான புலி என்பது பொருள். ஆவ் பூன் பார் என்பதற்கு மென்மையான சிறுத்தை என்பது பொருள். இளையவர் மருந்து செய்வதில் வல்லவர். மூத்தவர் அதனை விற்பதில் வல்லவர். புலி முத்திரையிட்ட தைலம் இவர்கள் கையில் உலகப் புகழ் பெற்றது. தோட்டப்புறத்துத் தமிழ்த் தாய்மார்கள் தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் தடவிய அச்சிறு புட்டியை அறியாதார் இலர். ஊருக்குக் கப்பலேறியவர்களின் பெட்டியிலும் அதற்கு ஓரிடம் இருந்தது. 1920களில் தம் வாணிகத்தைச் சிங்கப்பூருக்கு மாற்றிய பூன் ஹாவ், 1929இல் 'சின் சியூ' நாளிதழையும் தொடங்கினார். புலித்தலை பொருத்திய மோட்டார் வண்டியில் அவர் ஊர்வலம் வந்தமை அக்காலத்தார் வியந்து பேசிய காட்சியாகும்.

தம் இளவலுக்காகப் பாசிர் பாஞ்சாங் கடலோரக் குன்றில் அவர் எழுப்பிய மாளிகையும் தோட்டமும் 1937இல் நிறைவுற்றன. ஹாவ் பார் வில்லா என்றும், புலித்தைலத் தோட்டம் என்றும் அது வழங்கலாயிற்று. போர் மூண்டதும் குடும்பத்தினர் நாட்டை விட்டு நீங்கினர். பூன் பார் 1944இல் ரங்கூனில் மறைந்தார். போர் முடிந்து திரும்பிய தமையனார், சிதைந்து கிடந்த மாளிகையை இடித்தகற்றினார். ஆனால் தோட்டத்தைக் கைவிடவில்லை. 1954இல் தாம் மறையும்வரை அதில் சிலைகளைப் பெருக்கிக்கொண்டே இருந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுதைச் சிலைகளும் நூற்றைம்பதளவான கதைக்காட்சிகளும் அங்கு இடம்பெற்றன.

அச்சிலைகள் யாவும் பாடம் புகட்டுபவை. தமிழ் மாணவர்களுக்கு அவை அந்நியமானவையும் அல்ல. மேற்கு நோக்கிப் பயணம் செய்யும் துறவியின் கதை அங்கே காட்சியாக நிற்கின்றது. அத்துறவியார் வேறெவருமல்லர், ஏழாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்து காஞ்சிமாநகரைப் பற்றியும் குறித்துச் சென்ற யுவான் சுவாங்கே ஆவார். பத்து மண்டபங்களாக அமைந்த நரகக் காட்சியில் ஐந்தாம் மண்டபத்துக்குத் தலைவன் யான்லுவோ. அப்பெயர் வடமொழி எமனின் பெயரே. பௌத்தத்தோடு சீனம் சென்று உருமாறியது. பொய் சொன்னவனுக்கு நாக்கை அறுத்தல், பிறரை ஏய்த்தவனுக்கு வேறொரு தண்டம் என்றவாறு காட்சிகள் செல்லும். பத்தாம் மண்டபத்தில் மறதித் தேநீர் பருகிய உயிர்கள் மறுபிறப்புக்குப் புறப்படும். பல்லிழந்த மாமியாருக்குத் தன் பாலையே ஊட்டிய மருமகளின் சிலையும் உண்டு. அதன்முன் சிறுவர்கள் நகைப்பதும் தாய்மார்கள் மௌனமாக நிற்பதும் வழக்கம். கலை நுட்பம் என்று நோக்கினால் அச்சிலைகள் பல முரட்டு வேலைப்பாடுகளே. வண்ணம் கண்ணைப் பறிக்கும். எனினும் எழுத்தறியாத மூதாட்டியும் ஏழு வயதுச் சிறுவனும் ஒரே கதையை ஒரே வேளையில் படிக்கக்கூடிய நூல் அது.

அந்நூலைப் படிக்கக் கட்டணமில்லை. மலாயாவின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் கட்டுச்சோற்றுடன் வந்து கண்டு சென்றனர். ஆனால் 'இலவசம்' என்னும் சொல்லை ஈண்டு எச்சரிக்கையோடு ஆளவேண்டும். தோட்டம் தைலத்துக்கு விளம்பரம். சிமெண்டுக்கும் வண்ணத்துக்கும் ஆன செலவை ஈட்டித் தந்தவை புலித்தைலப் புட்டிகளே. தலைவலிக்குத் தைலம் வாங்கிய தோட்டத் தொழிலாளி, தன்னை அறியாமலே நுழைவுக் கட்டணத்தைத் துளித்துளியாகச் செலுத்திவிட்டான் எனலாம். அவ்வாறு செலுத்திய கட்டணம் ஒரு குடும்பத்தையும் வாயிலில் தடுக்கவில்லை என்பதே வேறுபாடு.

1980களில் தோட்டம் அரசின் பொறுப்புக்கு வந்தது. சுற்றுலாவைப் பெருக்கும் நோக்கில், எட்டுக் கோடி வெள்ளிச் செலவில் புதுப்பிக்கப்பெற்று, 1990இல் 'டிராகன் வோர்ல்டு' என்னும் பெயருடன் மீண்டும் திறக்கப்பட்டது. நீண்ட டிராகனின் வயிற்றுக்குள் படகிலேறிச் சென்று நரகத்தைக் காணும் ஏற்பாடும், மேடைக் காட்சிகளும், பொறி நுட்பங்களும் சேர்க்கப்பட்டன. அவற்றோடு உயர்ந்த நுழைவுக் கட்டணமும் சேர்ந்தது. மக்கள் விலகினர். பத்தாண்டுகளில் ஏற்பட்ட இழப்பு 3 கோடியே 15 லட்சம் வெள்ளி. இறுதியில் கட்டணம் கைவிடப்பட்டது. 2001இல் பழைய பெயரும் திரும்பி வந்தது.

இத்தோல்விக்குக் காரணம் விலை மட்டுமா? வெளிநாட்டுப் பயணிக்கு அது புதிய காட்சி. விலை ஒரு பொருட்டன்று. உள்ளூர்க் குடும்பத்துக்கோ அது பாட்டன் காலத்திலிருந்து தங்களுடையதாயிருந்த தோட்டம். தம் வீட்டுத் திண்ணையில் அமர எவரேனும் காசு கேட்டால் எவ்வாறிருக்கும்? மேலும், படகில் ஏறி வரிசையாகச் செல்லும்போது, பிடித்த சிலைமுன் நின்று பாட்டி கதை சொல்ல இயலாது. பொறி நுட்பம் கூடியது. பாட்டியின் வேலை போயிற்று. விலை உயர்ந்த அதே வேளையில் பொருளும் மாறிவிட்டது. இதனைக் கணக்கர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. 1992இல் ஜூரோங்கில் எழுந்த 'டாங் டைனஸ்டி சிட்டி'யும் பண்டைய சீனத் தலைநகரை மீண்டும் கட்டிக் காட்டிற்று, 1999இல் மூடப்பட்டது.

ஆயினும், கட்டணம் பெறும் பூங்காக்கள் யாவும் வீண் என்று முடிவு கட்டுதல் நேர்மையாகாது. உயரத்திலிருந்து பாயும் ஒரு ரோலர் கோஸ்டரை நாள்தோறும் சோதிக்கப் பொறியாளர்கள் வேண்டும். நீர்ச்சறுக்கில் உயிர்காப்பாளர் வேண்டும். அச்செலவைச் சுருக்கினால் விளைவது என்னவென்று சொல்ல வேண்டுவதில்லை. 1975இல் கோம்பாக்கில் தொடங்கப்பெற்ற மிமாலாந்து, விபத்துக்கும் நிலச்சரிவுக்கும் பின்னர் 1994இல் மூடப்பட்டது. கைவிடப்பட்ட ஈயச் சுரங்கத்தை நீர்ப்பூங்காவாக்கிய சன்வே லகூன் 1990களிலிருந்து இயங்கிவருகின்றது. பாழ்நிலம் பயன்பட்டமை பாராட்டத் தக்கதே. கெந்திங் மலையில் பழைய வெளிப்புறப் பூங்கா 2013இல் மூடப்பட, அவ்விடத்தில் 'ஸ்கைவோர்ல்ட்ஸ்' 2022இல் திறக்கப்பெற்றது. ஈப்போவில் பெரும் பொருட்செலவில் 2017இல் திறந்த உயிர்ப்படப் பூங்காவோ 2020 தொடக்கத்திலேயே கதவடைத்தது. பெரும் முதலீடு செய்தவருக்கே இக்கணக்கு தப்பிவிடுமெனில், மாதச் சம்பளக்காரர் தடுமாறுவதில் வியப்பில்லை.

இவ்வரலாற்றிலிருந்து பாட்டனாருக்கு என்ன விடை கூறலாம்? வெள்ளியை மட்டும் எண்ணி அவர் வழக்காடுவாராயின் அவர் கூற்று பாதியே சரி. ஆண்டு முழுவதும் இரவுப் பணியில் உழலும் தந்தை, ஒரு பகல் முழுவதும் தன் மகனோடு தோளுரச வரிசையில் நிற்பானாயின் அச்செலவு வீணென்று சொல்லத் துணிவது கடினம். ஆனால் அப்பகலுக்காகக் கடன் வாங்கி, பன்னிரண்டு மாதம் வட்டி கட்டும் குடும்பத்தில், அதே தந்தை கூடுதல் நேர வேலைக்குச் சென்று பிள்ளையின் முகத்தையே காணாதிருப்பான். அங்கே சீட்டின் விலை வாயிலில் எழுதியிருப்பதினும் பன்மடங்காகும். அந்நிலையில் பாட்டனாரின் பக்கமே நியாயம் இருக்கின்றது. மற்றொன்றும் உண்டு. தம்மை வீட்டில் விட்டுச் செல்கின்றனர் என்பதைப் பாட்டனார் ஒருபோதும் வாய்விட்டுச் சொல்வதில்லை. செலவைப் பற்றிய அவரது முணுமுணுப்பில் அதுவும் கலந்திருக்கக்கூடும்.

பாசிர் பாஞ்சாங் தோட்டம் இன்றும் இருக்கின்றது. 2011 முதல் அதன் வாயிலிலேயே பெருவிரைவு ரயில் நிலையம் அதன் பெயரைத் தாங்கி நிற்கின்றது. தோட்டத்துள் நுழையக் கட்டணம் இல்லை. பத்து மண்டப நரகம் மட்டும் 2021இல் திறந்த ஓர் அருங்காட்சியகத்தின் பகுதியாகிவிட்டது. அதனைக் காணச் சீட்டு வாங்கவேண்டும். துறவியின் பயணமும், மாமியாரும் மருமகளும், சிரிக்கும் புத்தரும் வெளியே வெயிலில், எவரும் வந்து பார்க்கும்படி நிற்கின்றனர்.