எறும்பு முதல் கைக்கடிகாரம் வரை



மதுக்கரையில் நான் வேதியியல் கற்பித்த நாளில், மாணவர் பெரிதும் விரும்பிய சோதனை ஒன்றுண்டு. பெனடிக்ட் கரைசலில் குளுக்கோசைச் சேர்த்துச் சூடாக்கினால், நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, ஈற்றில் செங்கல் நிறம் கொள்ளும். விளையாட்டுப்போல் தோன்றும் இச்சோதனையே நீரிழிவு நோயாளருக்கு நெடுங்காலம் வழிகாட்டியாக இருந்தது.

அதற்கும் முன்னர், சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைக் கண்டு நோயை அறிந்தனர் நம் பண்டை மருத்துவர். 1921-இல் கனடாவில் பாண்டிங், பெஸ்ட் என்போர் இன்சுலினைக் கண்டபின், சர்க்கரையை அளந்தறிவது உயிர்காக்கும் கடமையாயிற்று. 1948-இல் பேராசிரியர் எம். விஸ்வநாதன் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கிய காலத்திலும் சிறுநீர்ச் சோதனையே பெருவழக்கு. ஆயின் சிறுநீர் காட்டுவது கடந்த சில மணி நேரத்து நிலையையே. இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்தால் அது வாய்திறவாது.

1965-இல் ஒரு துளி இரத்தத்தால் நிறம் மாறும் சோதனைத்தாள் வந்தது. அளவு தெளிந்தது, ஆனால் விரல் நாள்தோறும் குத்துப்பட்டது. 1999-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற தொடர் அளவீட்டுக் கருவி, தோலினடியில் மெல்லிய உணரியைச் செருகி அளந்தது. இன்று பலர் கையில் அணியும் வில்லையும் அம்முறையினதே. அதிலும் மயிரிழை போன்ற ஒரு முனை தோலுக்குள் புகுகின்றது.

தோலைத் துளைக்காமலே அறிய இயலாதா? 2001-இல் அங்கே ஒப்புதல் பெற்ற கைக்கடிகாரம் ஒன்று, மெல்லிய மின்னோட்டத்தால் தோலின் வழியே குளுக்கோசை ஈர்த்து அளந்தது. அணிந்தோர்க்குத் தோல் எரிச்சல் உண்டாயிற்று. கருவியைச் சரிபார்க்க விரலையும் குத்த வேண்டியிருந்தது. நாளடைவில் அது சந்தையை விட்டு அகன்றது.

மற்றொரு வழி நம்மவர் காட்டியது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர். சி. வி. இராமன் 1928-இல் கண்ட விளைவின்படி, மூலக்கூறில் பட்டுச் சிதறும் ஒளியின் ஒரு சிறு பகுதி நிறம் மாறுகின்றது. அம்மாற்றம் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் உரிய தனி அடையாளம். 2020-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர் உயிருள்ள பன்றியின் தோலில் ஒளி பாய்ச்சிக் குளுக்கோசின் அடையாளத்தை நேரே கண்டனர். ஆயினும் தோலிலுள்ள புரதம், கொழுப்பு ஆகியவற்றின் பேரொளியிடையே குளுக்கோசின் சிற்றொளியைப் பிரித்தறிதல் அரிது.

இதனை அறியாது, ஊசியின்றியே சர்க்கரையைக் காட்டும் என்று விளம்பரப்படுத்தும் கடிகாரங்களையும் மோதிரங்களையும் பலர் நம்பி வாங்குகின்றனர். அத்தகைய எதற்கும் தான் ஒப்புதல் அளிக்கவில்லை என அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. கருவி பொய்யாக மிகுதி காட்ட, அதை நம்பி இன்சுலின் கூடுதலாகச் செலுத்தினால், நோயாளர் சில மணியில் நினைவிழக்கலாம். உயிருக்கே கேடு நேரலாம்.

இந்தியாவில் ஏறத்தாழ 10.1 கோடி மக்களுக்கு நீரிழிவு உண்டென 2023-இல் வெளிவந்த ஆய்வு கணித்தது. உங்கள் இல்லத்துப் பெரியவரும் அவருள் ஒருவராகலாம். அவர் அத்தகைய கடிகாரத்தை வாங்க விரும்பினால், மருத்துவரைக் கேட்டபின் வாங்குமாறு சொல்லுங்கள். ஊசியின்றி மெய்யளவு காட்டும் கருவியை உங்களுள் ஒருவரே ஆக்கித் தருவீராயின், இக்கிழவனினும் மகிழ்வார் இலர்.