ஷேஃபர் டிரெயில் யாருக்காகப் போட்ட ரோடு?

கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவுல ஷேஃபர் டிரெயில்னு ஒரு மண் ரோடு இருக்கு. ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க. செங்குத்தான சிவப்புப் பாறைச் சுவர், அதுல கொண்டை ஊசி வளைவுகளா இறங்குற பாதை. போன மார்ச்ல, ஸ்பிரிங் பிரேக் லீவுக்கு அக்கா குடும்பத்தோட யூட்டா போனப்போ மேல நின்னு அதைப் பார்த்தோம். அக்கா பொண்ணு கேட்டா: "மாமா, டூரிஸ்டுங்களுக்காகவா இவ்ளோ கஷ்டப்பட்டு ரோடு போட்டாங்க?"

இல்லை. முதல்ல அது பூர்வகுடிகள் நடந்த தடம். அப்புறம் மாடு ஓட்டுற வழி. 1950கள்ல லாரி போற அளவுக்கு அதை அகலமாக்கினது யுரேனியத்துக்காக. அந்த இடம் தேசியப் பூங்கா ஆனதே 1964லதான்.

1949ல சோவியத் யூனியன் அணுகுண்டு சோதனை பண்ணிடுச்சு. அமெரிக்காவுக்கு உள்நாட்டு யுரேனியம் அவசரமா தேவைப்பட்டது. அரசோட அணுசக்தி ஆணையம் விலைக்கு உத்தரவாதம் கொடுத்தது, பாதை போடப் பணமும் கொடுத்தது. தாதுவை வாங்குறதும் அதே ஆணையம்தான். ஒரே ஒரு கஸ்டமரை நம்பி ஓடுற ஸ்டார்ட்அப் மாதிரி.

1952ல சார்லி ஸ்டீன்னு ஒருத்தர், கெய்கர் கவுன்ட்டர் வாங்கக்கூட வசதியில்லாத ஜியாலஜிஸ்ட், மோவாப் ஊருக்குத் தெற்கே பெரிய யுரேனியப் படிவத்தைக் கண்டுபிடிச்சார். கோடீஸ்வரர் ஆனார். சினிமாக் கதை. ஆனா எனக்கு முக்கியமாப் படுறது, இன்னும் தெற்கே, மானுமென்ட் வேலி பக்கம் நடந்த கதை.

அது நவாஹோ மக்களோட நிலம். 1944ல இருந்து 1986 வரைக்கும் நவாஹோ நிலத்துல ஏறக்குறைய 3 கோடி டன் யுரேனியத் தாது வெட்டி எடுத்தாங்க. வெட்டினவங்கள்ல நிறைய பேர் நவாஹோ ஆண்கள். பல சுரங்கங்கள்ல காற்றோட்ட வசதியே கிடையாது. வெடி வெச்சு, தூசி அடங்குறதுக்குள்ள உள்ள இறங்கணும். அந்தத் தூசி படிஞ்ச துணியோடயே வீட்டுக்குப் போவாங்க. வீட்டுப் பெண்கள் அதைத் துவைப்பாங்க.

ரேடான் வாயு நுரையீரலை என்ன பண்ணும்னு ஐரோப்பியச் சுரங்கங்கள்ல இருந்து மருத்துவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். 1950ல இருந்து அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை இந்தத் தொழிலாளர்களைப் பரிசோதிச்சது, குறிப்பெடுத்தது. ஆனா ஆபத்தை அவங்ககிட்ட சொல்லலை. எனக்கு இதுதான் ஜீரணிக்க முடியாத இடம். டேட்டா எடுத்தாங்க, அலர்ட் கொடுக்கலை.

நுரையீரல் புற்றுநோய்ல பலர் செத்துப்போன பிறகு, 1990ல மன்னிப்பும் இழப்பீடும் சேர்த்து ஒரு சட்டம் வந்தது. இழப்பீடு வாங்கப் போன விதவைகள் பலர்கிட்ட திருமணச் சான்றிதழ் கேட்டாங்க. நவாஹோ சடங்குப்படி கல்யாணம் பண்ணவங்ககிட்ட காகிதம் எங்கே இருக்கும்?

2005ல நவாஹோ அரசு தன் நிலத்துல யுரேனியம் தோண்டவே தடை போட்டது.

மோவாப்ல, கொலராடோ ஆத்தங்கரையில, ஆலைக் கழிவு மலையா குவிஞ்சிருந்தது. 1.6 கோடி டன். ஆர்ச்சஸ் தேசியப் பூங்கா வாசல் பக்கம்தான். 2009ல இருந்து ரயில் ரயிலா ஏத்தி 30 மைல் தள்ளிக் கொண்டுபோய்ப் புதைச்சாங்க. நவாஹோ நிலத்துல கைவிடப்பட்ட யுரேனியச் சுரங்கங்கள் 500க்கும் மேல. அதுல பெரும்பாலானவை இன்னும் சுத்தம் செய்யப்படலை.