பிரிவுபசார உரையை எழுதியவர்

யாழ்ப்பாணத்து உடுவில் பெண்கள் பள்ளிக்கு 1840-இல் ஓர் அமெரிக்க ஆசிரியை வந்து சேர்ந்தார். பெயர் எலைசா அக்னியூ. நியூயார்க் நகரத்துக்காரர், மணமாகாதவர், முப்பது வயதைத் தாண்டியவர். முந்தைய ஆண்டு கப்பல் ஏறும்போது சொந்தபந்தங்களிடம் சொல்லிக்கொண்டு கிளம்பியதுதான் கடைசி. நாற்பது ஆண்டுகளுக்குக் கொஞ்சம் குறைவாக அந்தப் பள்ளியை நடத்திவிட்டு, ஒருமுறைகூட ஊர் திரும்பாமல், 1883-இல் மானிப்பாயில் இறந்தார். அவரிடம் படித்துப் போனவர்கள் ஆயிரத்துக்கும் மேல். 'ஆயிரம் பெண்பிள்ளைகளின் தாய்' என்று அவரைச் சொல்வார்கள்.

அந்தத் திரும்பாமையைத்தான் மிஷன் வரலாறுகள் பெரிதாகப் பேசும். அதை நானும் மதிக்கிறேன். ஆனால் வரலாறு சொல்லிக்கொடுக்கிறவள் என்ற முறையில் என் கண் வேறொரு ஆண்டில் போய் நிற்கிறது: 1941. ஹாரியட் வின்ஸ்லோ 1824-இல் தொடங்கிய அந்தப் பள்ளிக்கு அரியம் ஹட்சன் பரமசாமி என்ற தமிழ்ப் பெண் அதிபரானது அந்த ஆண்டில்தான். நடுவில் 117 ஆண்டுகள். அத்தனை காலமும் அங்கே படித்த பெண்கள் அங்கேயே ஆசிரியைகளாகவும் இருந்தார்கள். வகுப்பில் நின்றவர்கள் அவர்கள். தலைமை நாற்காலிக்கு மட்டும் கப்பலில் ஆள் வந்துகொண்டிருந்தது. வந்தவருக்கு வரவேற்பு, போனவருக்குப் பிரிவுபசாரம், இடையில் மாலை கட்டியவர்கள், பாட்டுப் பாடியவர்கள், உரை எழுதியவர்கள். கடல் கடந்து வந்த ஆசிரியைகளின் கதையை இந்தக் கடைசி வரிசையிலிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்பதே என் கேள்வி.

செஞ்சியில் இருந்துகொண்டு இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் சென்னை.

விமன்ஸ் கிறிஸ்டியன் காலேஜ் 1915-இல் திறந்தபோது மாணவிகள் 41 பேர். முதல்வர் எலினார் மெக்டூகல், லண்டன் வெஸ்ட்ஃபீல்டு கல்லூரியிலிருந்து வந்தவர். அடுத்த ஆண்டே கூவம் ஆற்றங்கரை டவ்டன் ஹவுஸுக்குக் கல்லூரி குடிபெயர்ந்தது. இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா நாடுகளைச் சேர்ந்த பன்னிரண்டு மிஷன்கள் சேர்ந்து நடத்திய கல்லூரி அது. 1920-இல் அமெரிக்காவின் மவுண்ட் ஹோலியோக் கல்லூரி அதைத் 'தங்கைக் கல்லூரி'யாக ஏற்றுக்கொண்டது. தங்கை என்று நான்தான் சொல்கிறேன். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு மூத்தவள் இளையவள் கிடையாது. தமிழில் சொல்லும்போதுதான் யார் அக்கா என்ற கேள்வி வருகிறது, பதிலும் உடனே வந்துவிடுகிறது.

பணம் எந்தப் பக்கமிருந்து வந்ததோ ஆட்களும் அந்தப் பக்கமிருந்தே வந்தார்கள். கீழை நாடுகளின் ஏழு பெண்கள் கல்லூரிகளுக்காக அமெரிக்கப் பெண்கள் 1920-களின் தொடக்கத்தில் பெரிய வசூல் ஒன்றை நடத்தினார்கள். இருபது லட்சம் டாலர் அவர்கள் திரட்டினால் பத்து லட்சம் தருவதாக லாரா ஸ்பெல்மன் ராக்பெல்லர் நினைவு நிதி சொல்லியிருந்தது. திரட்டினார்கள். தேவாலயக் கூட்டங்களிலும் கல்லூரி விடுதிகளிலும் பெண்கள் பெண்களிடம் கேட்டு வாங்கிய காசு. சென்னைக் கல்லூரிக்கும் வேலூர் மருத்துவப் பள்ளிக்கும் அதில் பங்கு வந்தது. அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் காசு வருகிற திசையிலிருந்தே பேராசிரியைகளும் வருவார்கள், விடுப்பில் போவார்கள், திரும்புவார்கள், ஓய்வு பெற்றுப் போவார்கள் என்பதும் அதோடு சேர்ந்தே முடிவாகிவிட்டது.

அப்படி வந்தவர்களில் எலினார் மேசன் என்ற விலங்கியல் ஆசிரியையின் கதை எனக்கு ஆர்வமூட்டுவது. மனித உடல் ஓய்வில் இருக்கும்போது எவ்வளவு ஆற்றலைச் செலவழிக்கிறது என்று அளப்பது அவருடைய ஆராய்ச்சி. தென்னிந்தியப் பெண்களின் அடிப்படை வளர்சிதை மாற்றம் பற்றி அமெரிக்க உடலியல் அறிஞர் பிரான்சிஸ் பெனடிக்டுடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 1931-இல் வந்தது. அமெரிக்கப் பெண்களை வைத்து வகுத்த அளவைவிட நம் பெண்களின் அளவு குறைவு என்பது அதன் முடிவு. 1934-இல் உறக்கத்தின்போது அது எப்படி மாறுகிறது என்று இன்னொரு கட்டுரை. அளப்பதற்கு உடம்பு வேண்டுமே! விடியற்காலையில் வெறும் வயிற்றோடு, மூச்சுக்கருவியைப் பொருத்திக்கொண்டு, அசையாமல் படுத்திருந்த இளம்பெண்களை நினைத்துக்கொள்கிறேன். கல்லூரிப் படிப்பு பெண்ணின் உடம்புக்கு ஆகாது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலம் அது. அப்போது தங்கள் உடம்பை ஒரு அறிவியலுக்குக் கொடுத்தவர்கள் அவர்கள். கட்டுரையில் அவர்கள் எண்களாக இருக்கிறார்கள். மேசன் பின்னாளில் அந்தக் கல்லூரிக்கு முதல்வரும் ஆனார். அவருக்குப் பிறகு, 1960-களில்தான், ரேணுகா முகர்ஜி என்ற இந்தியப் பெண் அந்த இடத்துக்கு வந்தார். நாடு விடுதலை பெற்றுப் பல ஆண்டுகள் கழித்து.

எதிர்த்திசையில் யாருமே போகவில்லையா? போனார்கள். அதே கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த தலசேரிக்காரர் இ.கே. ஜானகி அம்மாள் 1924-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். உறவுக்குள் திருமணப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரத்தில் அவர் கப்பலைத் தேர்ந்துகொண்டார் என்று குடும்பத்தார் எழுதியிருக்கிறார்கள். முதுகலை முடித்துத் திரும்பி, மறுபடி இதே கல்லூரியில் வேலை பார்த்தார், மறுபடி போனார், 1931-இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். கோயம்புத்தூரின் கரும்பு ஆராய்ச்சி, போர்க்கால லண்டன் என்று அதற்குப் பின்னான அவரது பயணங்கள் பலருக்கும் தெரிந்தவை.

இங்கே அவருக்குக் கிடைத்த உதவித்தொகையைத்தான் கவனிக்கச் சொல்வேன். லெவி பார்பர் என்ற மிச்சிகன்காரர் ஆசியப் பெண்களுக்காக 1917-இல் ஏற்படுத்தியது அது. அமெரிக்காவில் படித்த ஆசியப் பெண் மருத்துவர்களைத் தம் கீழை நாட்டுப் பயணத்தில் பார்த்ததுதான் அவருக்குத் தூண்டுதல். வருகிறவர்கள் கற்றுக்கொண்டு சொந்த நாட்டுக்குத் திரும்பிப் பயன்பட வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் அக்னியூவிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை. உடுவிலில் நாற்பது ஆண்டு இருக்க அவருக்கு முடிந்தது, அது தியாகம் எனப்பட்டது. நம் பக்கத்துப் பெண்ணுக்கோ விடைபெறும் நாள் உள்ளே நுழையும்போதே குறிக்கப்பட்டிருந்தது.

இன்றைக்கும் அது மாறிவிடவில்லை. இந்தியாவும் அமெரிக்காவும் ஃபுல்பிரைட் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது 1950 பிப்ரவரி 2 அன்று. 2008-இல் புது உடன்படிக்கை; செலவில் இந்தியாவும் சமபங்கு என்று ஆனது. அந்தத் திட்டத்தில் அமெரிக்கா போகிறவர் முடித்த பின் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும். அதற்குள் அங்கே குடியேற்ற விசாவோ வேலை விசாவோ கேட்க முடியாது. பரிமாற்றம் என்ற சொல்லுக்கே அதுதான் பொருள், போனவர் திரும்பினால்தானே மாற்றம் முழுமையாகும் என்பார்கள். சரி. அப்படியானால் போக முடியாதவரின் கணக்கை எதில் எழுதுவது?

இப்போது செஞ்சி.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளிக்கு ஐரோப்பாவிலிருந்து ஓர் ஆசிரியை ஆறு வாரத்துக்கு வந்திருந்தார். ஏற்பாட்டின்படி எங்கள் பள்ளியிலிருந்தும் ஒருவர் அவருடைய பள்ளிக்கு ஆறு வாரம் போக வேண்டும். தேர்வானவர் ஆங்கில ஆசிரியை; என்னைவிட ஏழு வயது இளையவர், என்னை அக்கா என்று கூப்பிடுவார். பாஸ்போர்ட் எடுத்துவிட்டார். குளிருக்கு ஒரு ஸ்வெட்டரும் வாங்கிவிட்டார். அதற்குள் அவருடைய மாமியாருக்குப் பக்கவாதம் வந்தது. மகளுக்குப் பத்தாம் வகுப்பு. "இந்த வருஷம் வேண்டாமே, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று கணவர் சொன்னார். கத்தவில்லை, தடுக்கவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அடுத்த வருஷம் அந்தத் திட்டமே இல்லை.

அக்னியூ, மெக்டூகல், மேசன், ஜானகி அம்மாள் நால்வரும் திருமணம் செய்துகொள்ளாதவர்கள். இதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. கடல் கடக்க ஒரு பெண் கொடுத்த கட்டணத்தில் டிக்கெட் காசு சின்னப் பகுதி.

வந்த ஆசிரியை நல்லவர். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். ஒரு சனிக்கிழமை அவரை நாங்கள் கோட்டைக்கு அழைத்துப் போனோம். ராஜகிரி மேல்வரை ஏறி இறங்கி, கல்யாண மகாலின் நிழலில் தண்ணீர் குடித்துவிட்டு, செட்டிக்குளக் கரைக்கு வந்தோம். 1714-இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி இறந்த தேசிங்கு ராஜாவை எரித்த இடம் என்று சொல்லப்படும் மேடை அங்கே இருக்கிறது. இருபது வயதைக்கூடச் சரியாகத் தாண்டாத பையன். அவனோடு அவன் மனைவியும் உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாக நவாப் அமைத்த ஊர்தான் ராணிப்பேட்டை என்பது வழக்கம். எங்கள் ஆங்கில ஆசிரியை இதையெல்லாம் மொழிபெயர்த்துச் சொன்னார். விருந்தாளி கேட்டார்: "அவள் பெயர் என்ன?" இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ராணி என்றேன். ராணிபாய் என்றும் சொல்வார்கள், ஆனால் அதுவும் பட்டம்தான். தேசிங்குக்குக் கதைப்பாட்டு இருக்கிறது, அவன் குதிரைக்குப் பெயர் இருக்கிறது, நண்பன் மகமத்கானுக்குப் பெயர் இருக்கிறது. ஊரே நின்று வழியனுப்பிய பெண்ணுக்கு ஒரு பட்டமும் ஒரு ஊரும் மிச்சம். 2025-இல் யுனெஸ்கோ எங்கள் கோட்டையை மராட்டியர்களின் ராணுவ நிலப்பரப்பு என்ற தொகுப்பில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மகிழ்ச்சிதான். பத்தேரிகளையும் அகழியையும் அளக்கிறவர்கள் அந்த மேடைப் பக்கமும் ஒருமுறை வரட்டும்.

பிரிவுபசார விழா எல்லாப் பள்ளி விழாக்களையும் போலத்தான் நடந்தது. பொன்னாடை, தஞ்சாவூர்த் தட்டு, கேசரி, மிக்சர். பிள்ளைகள் அழுதார்கள். விருந்தாளி, "போயிட்டு வரேன்" என்று தமிழில் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். தலைமையாசிரியர் ஆங்கிலத்தில் உரை வாசித்தார். இரு நாட்டுக் கல்வியும் கைகோக்கும் இந்தப் பாலம் என்றெல்லாம் அதில் வந்தது, நன்றாகவே இருந்தது. எழுதியவர் எங்கள் ஆங்கில ஆசிரியை. முந்தின இரவு மாமியாருக்குப் படுக்கை மாற்றிவிட்டு, மகளைப் படிக்க உட்கார வைத்துவிட்டு, பதினொரு மணிக்குமேல் எழுதினாராம். உரையில் அவர் பெயர் இல்லை. குரூப் போட்டோவில் பின்வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக நிற்கிறார்.

அந்தப் படம் பள்ளி அலுவலகத்தில் வெகுநாள் மாட்டியிருந்தது. கீழே எழுதியிருந்தது 'ஆசிரியர் பரிமாற்றத் திட்டம்' என்று. யாரை யாரோடு மாற்றினார்கள் என்று ஒருமுறை ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என்னிடம் கேட்டாள். வந்தவரின் பெயரைச் சொன்னேன். அப்புறம், போயிருக்க வேண்டியவரைத் தேடிப் படத்தில் விரல் வைத்துக் காட்டினேன். "டீச்சர் எப்ப போனாங்க?" என்றாள்.

இப்படிப்பட்டவர்களைத்தான் நான் பள்ளி ஆவணங்களில் தேடிக்கொண்டிருக்கிறேன். பழைய பள்ளிகளின் நூற்றாண்டு மலர்களைப் புரட்டுகிறபோது வெளிநாட்டு முதல்வருக்கு முழுப்பக்கப் படம் இருக்கும், பிறந்த ஊர், படித்த கல்லூரி, கப்பல் வந்த நாள் எல்லாம் இருக்கும். உதவி ஆசிரியைகளின் வரிசையில் பாதிப் பேருக்குத் தலைப்பெழுத்தும் 'அம்மாள்' என்ற ஒட்டும்தான். பேத்திகளிடம் கேட்டால் சிலநேரம் ஒரு டிரங்குப் பெட்டி வெளியே வருகிறது. அதில் மங்கிய ஒரு வாழ்த்து மடலின் கைப்பிரதி, அடித்தல் திருத்தலோடு. அச்சில் வந்த பிரதியில் கையெழுத்திட்டவர் வேறு யாராகவோ இருப்பார்.

எங்கள் ஆங்கில ஆசிரியையின் மாமியார் நான்கு ஆண்டு படுக்கையில் இருந்து இறந்தார். மகள் இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாள். பத்து வருடத்துக்கு எடுத்த பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரைகூட விழாமல் காலாவதி ஆகிவிட்டது. போன மாதம் என்னிடம் ஒரு படிவத்தை நீட்டினார். தெரிந்தவர்கள் இரண்டு பேரின் பெயரும் முகவரியும் அதில் கேட்டிருந்தார்கள்.

"உங்க பேரைப் போட்டுக்கட்டுமாக்கா?"

போட்டுக்கோ என்றேன். எங்கே போகப் போகிறார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.