வன்னியில் கிறிஸ்தவத் தொண்டும் இளையோரும்



வன்னிப் பெருநிலம் குளங்களுக்கும் காடுகளுக்கும் பேர்போனது. இரணைமடுக் குளத்து நீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கமம் செய்தோரும், 1977ஆம் ஆண்டு வன்செயலால் மலையகத் தோட்டங்களைவிட்டு ஏதிலிகளாய் வந்தோரும் அங்கே காடு வெட்டிக் குடியமர்ந்தனர். இத்தகைய புதுக் குடியிருப்புகளிலே பெரியோர் படும் இன்னலினும் பிள்ளைகள் படும் இன்னல் மிகுதியாகும். உற்றார் தொலைவில் இருப்பர். பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் எட்டாத் தூரத்தில் இருக்கும். தாய் தந்தையரை இழந்த பிள்ளைக்கு ஒதுங்க ஒரு திண்ணையும் கிடைப்பதரிது. அத்தகைய பிள்ளைகளுக்குத் துணையாக நின்ற கிறிஸ்தவத் தொண்டரின் வரலாற்றில் ஒரு பகுதியையே இன்று உங்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

வடபுலத்துக்கு இத்தொண்டு முதலில் கடல் கடந்தே வந்தது. பிரான்ஸ் நாட்டில் தோன்றிய அமலமரித் தியாகிகள் சபையினர் 1847ஆம் ஆண்டில் இலங்கையை அடைந்தனர். திருக்குடும்பக் கன்னியர் 1862இல் யாழ்ப்பாணம் வந்தனர். பின்னாளில், இங்கிலாந்திலிருந்து வந்த மெதடிஸ்தச் சகோதரி மியூரியல் ஹட்சின்ஸ் அம்மையார் ஆதரவற்ற பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாகக் கிளிநொச்சியிலே கருணா நிலையம் என்னும் இல்லத்தை நிறுவினார். இவர்கள் இம்மண்ணின் மொழியைக் கற்றனர். தமக்குப் பின் அப்பணியைத் தாங்குதற்கு இம்மண்ணின் மக்களையே பழக்கினர். பிறநாட்டார் நட்ட நாற்று உள்ளூர் நீரில் வேர்கொண்டது எனலாம். அவ்வேரின் உரம் எத்துணை என்பது போர்க்காலத்திலேதான் தெரிந்தது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தது. அதன்பின் பல நாடுகளிலிருந்தும் தொண்டர்கள் வந்தனர், பொருளும் வந்தது. ஆயின் 2006இல் போர் மீண்டும் மூண்டது. 2008ஆம் ஆண்டு செப்டெம்பரில், பாதுகாப்புக்குத் தாம் பொறுப்பேற்க இயலாதெனக் கூறி, உதவி நிறுவனங்கள் வன்னியைவிட்டு வெளியேற வேண்டும் என அரசாங்கம் பணித்தது. செப்டெம்பர் 16ஆந் திகதி ஐக்கிய நாடுகள் பணியாளர் கிளிநொச்சியைவிட்டு நீங்கினர். போகவேண்டாம் என மக்கள் அவர்தம் அலுவலக வாயிலில் நின்று மன்றாடினர். செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவும் கரித்தாஸ் என்னும் கத்தோலிக்கத் தொண்டு நிறுவனமும் போன்ற மிகச் சிலவே எஞ்சின. அவற்றோடு, பங்குகளின் குருமாரும் கன்னியரும் தங்கிவிட்டனர்.

தங்குவதன் ஆபத்தை அவர்கள் அறியாதவரல்லர். 2007ஆம் ஆண்டு செப்டெம்பர் 26ஆந் திகதி, இடம்பெயர்ந்தோர்க்குப் பொருள் கொண்டுசென்ற அருட்தந்தை பாக்கியரஞ்சித் கிளைமோர்க் குண்டுவெடிப்பில் உயிர்நீத்தார். அவர் இயேசு சபை அகதிகள் பணியின் மன்னார் மாவட்ட இணைப்பாளர். வியட்நாமிலிருந்து படகேறித் தப்பிய மக்களின் துயர் கண்டு, பேத்ரோ அருப்பே அடிகளார் 1980ஆம் ஆண்டில் தொடங்கிய அமைப்பு அது. ஏதிலிகளுடன் உடனிருத்தல், அவர்க்குப் பணிசெய்தல், அவர்க்காகக் குரல்கொடுத்தல் என மூன்று கடமைகளை அது வகுத்துக்கொண்டது. உடனிருத்தலை முதலில் வைத்தமை கருதத்தக்கது. பொருள் தீர்ந்தபோதும் செய்யத்தக்க பணி அது.

2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வன்னி இளையோரை இரு திசைகளிலிருந்தும் இடர் சூழ்ந்தது. ஒருபுறம் எறிகணைகள் வீழ்ந்தன. மறுபுறம் விடுதலைப் புலிகள் கட்டாய ஆட்சேர்ப்பை மும்முரப்படுத்தினர். பிள்ளைகளைப் பெற்றோர் பதுங்குகுழிகளில் ஒளித்தனர். கடற்கரையை அடுத்த வலைஞர்மடத்திலே தேவாலயம் ஒன்றிருந்தது. அதனைச் சூழத் தறப்பாள் கூடாரங்கள் நெருங்கி நின்றன. கோயிலென்றால் எவரும் நுழைந்து இழுத்துச் செல்லார் என்னும் நம்பிக்கையில் இளைஞரும் யுவதியரும் அங்கே அடைக்கலம் புகுந்தனர்.

அந்நம்பிக்கை நிலைக்கவில்லை. ஏப்ரல் நடுப்பகுதியில் நூற்றுக்கணக்கான இளையோர் அவ்வாலயத்திலிருந்து புலிகளால் பலவந்தமாகப் பேருந்துகளில் ஏற்றப்பட்டு முள்ளிவாய்க்காலுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர் என, ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு 2011ஆம் ஆண்டு அறிக்கையில் எழுதியுள்ளது. அதே மாதத்தின் பிற்பகுதியில் எறிகணை வீச்சில் அவ்வாலயமும் தாக்குண்டது. வன்னிக் கரித்தாஸ் பணிப்பாளராயிருந்த அருட்தந்தை வசந்தசீலன் தம் காலொன்றை இழந்தார்.

போரின் இறுதி நாளில் இன்னும் இருவர் பெயர் சேர்கின்றது. உருத்திரபுரம் பங்குத்தந்தை சரத்ஜீவன் இறுதிவரை மக்களோடிருந்து, 2009 மே 18ஆந் திகதி, அவர்களோடு வெளியேறும் வேளையில் இறந்தார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப், கிளிநொச்சியில் இளையோர்க்கு ஆங்கிலம் கற்பித்துவந்தவர். மே 10ஆந் திகதி அவர் பாப்பரசர்க்கு ஒரு மடல் எழுதி, சிக்குண்ட மக்களின் நிலையை எடுத்துரைத்தார். மே 18ஆந் திகதி வட்டுவாகலில், இராணுவத்திடம் சரணடைந்தோருடன் அவரும் பேருந்தில் ஏறியதைக் கண்டதாக உறவினர் பலர் சான்று கூறியுள்ளனர். கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன்னும் இச்சாட்சியம் வைக்கப்பட்டது. அதன்பின் அவரை எவரும் கண்டிலர்.

ஆயின், அவர்கள் தங்கியதனால் ஆகிய பயன் யாது என வினவலாம். ஆலயக் கதவு பிள்ளைகளைக் காக்கவில்லையே. குரு ஒருவர் உடனேறியும் பேருந்தில் சென்றோர் திரும்பவில்லையே என்பர். இது மெய்யே, மறைத்துப் பேசுதல் தகாது. எனினும், புறத்தார் கண்கள் அகன்றபின் அந்நிலத்தில் நடந்தவற்றை உலகுக்குச் சொல்ல வல்லாருள் இவர்களும் இருந்தனர். தம் பிள்ளை எங்கே என்று தாய்மார் கேட்கும்போது, அப்பிள்ளையின் பெயரறிந்த ஒருவர் அருகிருந்தார்.

போர் முடிந்தபின் ஏறத்தாழ 2,80,000 மக்கள் முகாம்களில் அடைக்கப்பட்டனர். பெரும்பாலோர் வவுனியா மாவட்டத்து மெனிக் பாம் முகாமில் இருந்தனர். புலிகளின் படையில் சேர்க்கப்பட்டிருந்த 594 சிறுவர் புனர்வாழ்வுக்கு அனுப்பப்பட்டனர். 2012ஆம் ஆண்டு செப்டெம்பரில் மெனிக் பாம் மூடப்பட்டது. மக்கள் தத்தம் ஊர்களுக்குத் திரும்பியபோது, கூரையற்ற ஆலயங்களின் முற்றத்தில் மீண்டும் பாடஞ் சொல்லவும் ஆறுதல் கூறவும் முன்வந்தவர்களுள், அவர்களோடு நடந்து இடம்பெயர்ந்த அதே குருமாரும் கன்னியரும் இருந்தனர்.

இன்றும் வெளிநாடுகளிலிருந்து நல்லெண்ணமுடைய இளைஞர் சில வாரத் தொண்டுக்காக ஏழை ஊர்களுக்குச் செல்கின்றனர். அவர்தம் அன்பைக் குறைத்து மதிப்பிடல் வேண்டா. ஹட்சின்ஸ் அம்மையாரும் ஒருநாள் அவ்வாறு கப்பலிலிருந்து இறங்கிய அந்நியரேயாவர். ஆயினும், தொண்டொன்றைத் தொடங்குவோர், தாம் போனபின் அப்பிள்ளைகளின் அருகே இருக்கப்போவோர் யாவர் என்பதை முதலிலேயே எண்ணுதல் வேண்டும். அங்ஙனம் எண்ணி அமைத்த பணியே வன்னியில் நிலைத்தது.