கபச்சுரப்பியும் சீரொளியும்

மூளையின் அடிப்புறத்தில் பட்டாணி அளவினதாய் அமைந்து, உடல் வளர்ச்சி முதலியவற்றை ஆளும் ஹார்மோன்களைச் சுரக்கும் பிட்யூட்டரி, தமிழில் கபச்சுரப்பி என்றும் வழங்கப்படுகிறது. அது கபத்தைச் சுரப்பதில்லை. பின் இப்பெயர் எங்ஙனம் வந்தது?

மூளையின் கழிவே கபமாகி மூக்கின் வழி இறங்குகிறது எனப் பண்டைய மருத்துவர் கேலன் கருதினார். 1543-இல் வெசாலியசும், மூளையின் கபத்தை ஏற்கும் சுரப்பி என்னும் பொருளிலேயே இதற்கு இலத்தீனில் பெயரிட்டார். சளி மூக்கின் சவ்விலேயே தோன்றுகிறது என்பதைச் செருமானிய மருத்துவர் ஷ்னைடர் 17-ஆம் நூற்றாண்டில் காட்டினார். கருத்து வீழ்ந்தது, பெயர் நிலைத்தது. ‘பிட்யூட்டா’ என்னும் இலத்தீனச் சொல்லுக்குக் கபம் என்பது பொருள். அதனை அப்படியே பெயர்த்தபோது பழம்பிழையும் தமிழில் குடிபுகுந்தது.

கேலன் கற்பனை செய்த அவ்வழி, பிற்காலத்தில் எதிர்த்திசையில் உண்மையாயிற்று. 1907-இல் இன்ஸ்புரூக் நகரில் ஹெர்மன் ஷ்லோஃபர் மூக்கின் வழியே சென்று இச்சுரப்பியின் கட்டியை அகற்றினார். அமெரிக்காவில் ஹார்வி குஷிங் அம்முறையைச் செப்பமுறச் செய்தார்; பின்னர் மண்டையோட்டைத் திறக்கும் முறைக்கு மாறினார். அவரிடம் பயின்ற எடின்பரோ மருத்துவர் நார்மன் டாட் மூக்கு வழியைக் கைவிடவில்லை. அவரிடமிருந்து பாரிசின் கியோவுக்கும், கியோவிடமிருந்து மொன்றியாலின் ஜூல் ஹார்டிக்கும் அக்கலை சென்றது. 1960-களில் ஹார்டி அதனுடன் நுண்ணோக்கியை இணைத்தார்.

அப்பத்தாண்டிலேயே சீரொளியும் பிறந்தது. 1960-இல் மெய்மன் முதல் சீரொளியையும், 1964-இல் இந்தியாவில் பிறந்த குமார் பட்டேல் கார்பன் டை ஆக்சைடு சீரொளியையும் உருவாக்கினர். பின்னதன் 10.6 மைக்ரோமீட்டர் அலையை நீர் மிகுதியாக உட்கவரும். ஆதலின் நீர் நிறைந்த திசு ஆவியாகும். கருவிகள் எளிதில் திரும்பவியலாத குறுகிய வழியில், இறுகிய கட்டியைத் தொடாமலே கரைக்க இஃது உதவும் என மருத்துவர் கருதினர். எனினும், இச்சுரப்பியின் இருமருங்கிலும் மூளைக்குக் குருதி செலுத்தும் தமனிகளும், மேலே பார்வை நரம்புகளும் உள்ளன. ஒளியோ நேர்கோட்டில்தான் செல்லும். மேலும், கட்டிகளுள் பெரும்பாலானவை மென்மையானவை. அவற்றிற்குச் சுரண்டுகருவியும் உறிஞ்சுகுழாயும் போதும். ஆகவே, சீரொளி இங்குத் துணைக்கருவியாகவே நின்றது.

மொழிநூல் மாணவர் இங்கு ஒன்றைக் கருதுதல் வேண்டும். ‘லேசர்’ என்பது ஓர் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் ஆன சொல். தமிழ் அத்தொடரைப் பெயர்க்கவில்லை. அலைகள் ஒத்த சீரில் செல்லும் இயல்பை நோக்கிச் ‘சீரொளி’ என்றது. கபச்சுரப்பி சொல்லை நோக்கிப் பிறந்தது. சீரொளி பொருளை நோக்கிப் பிறந்தது. பெயரை நம்பிய மாணவர், இச்சுரப்பி கபத்தைச் சுரக்கும் எனத் தேர்வில் எழுதினால், பிழை முற்றிலும் அவருடையதாகுமா? வழக்கில் ஊன்றிய சொல்லை நீக்குதல் எளிதன்று. அச்சொல்லைக் கற்பிக்கும் நாளிலேயே அதன் வரலாற்றையும் சொல்லிவிடுதல் ஆசிரியர் கடன்.