தோல் ஃபெராரி, எலும்பு டிராக்டர்

மாமா திடீரென்று போன் பண்ணி, "மக்ளே, ஒரு ஸ்போர்ட்ஸ் காரு வெலைக்கு வருது. வாங்கலாமாண்ணு கணக்கு பாத்து சொல்லு, நீ பி.காம்தானே படிக்க?" என்றார். இதுவரை என்னிடம் இன்கம் டாக்ஸ் கேட்டிருக்கிறார்கள், பேங்க் ஃபாரம் நிரப்பச் சொல்லியிருக்கிறார்கள். கார் கேட்டது இதுதான் முதல் தடவை.

குலசேகரத்திலிருந்து திற்பரப்பு போகிற வழியில் ஒரு வீடு. ரப்பர் ஷீட் காயப்போடுகிற கொட்டகைக்குப் பின்னால் நீலத் தார்ப்பாய். அதை விலக்கினால் நீண்டு சரிந்த மூக்கு, பின்பக்கம் வழுக்கிக்கொண்டு இறங்கும் கூரை, பின்னால் மேலே தூக்கித் திறக்கிற கதவு. மாமா அப்படியே நின்றுவிட்டார். ஆர்.சி. புத்தகத்தில் இருந்த பெயர் ஸ்டாண்டர்ட் 2000. 1986 மாடல்.

இதில் விளையாட்டு இல்லை. கையில் இருந்தது வயசான ரப்பர் மரங்களை முறித்து விற்ற காசு. குழி, கன்று, உரம் எல்லாவற்றுக்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். இன்று கன்று வைத்தால் பால் வெட்ட ஏழு வருஷமாவது ஆகும். அத்தைக்கு இந்தக் கார் விஷயமே தெரியாது. அதனால் நான் நிஜமாகவே உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க, காரை விட அதன் கதை பெரிதாக இருந்தது.

ஸ்டாண்டர்ட் என்பது இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரில் 1903-ல் தொடங்கிய கம்பெனி. அதன் இந்தியக் கிளையாக 1948-ல் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா வந்தது. முதலில் வேன்கார்டு, பிறகு 1961-ல் ஹெரால்டு. நம் தாத்தா காலத்து டாக்டர்கள் ஓட்டிய அந்தச் சின்னக் கார்தான். தாய்க் கம்பெனி பிரிட்டனில் 1963-ல் ஸ்டாண்டர்ட் என்ற பெயரையே கைவிட்டு டிரையம்ஃப் என்ற பெயரோடு போய்விட்டது. சென்னையில் மட்டும் அந்தப் பெயர் இன்னும் 25 வருஷம் உயிரோடு இருந்தது. (அசல் ஊரில் மறந்துபோன பெயரை நாம் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது புதிதா என்ன!)

ஹெரால்டுக்குப் பிறகு 1972-ல் கெசல். அது 1977-ல் நின்றது. அப்புறம் எட்டு வருஷம் கம்பெனி கார் எதுவும் செய்யவில்லை, வேன்தான். இதற்கிடையே 1983 டிசம்பரில் மாருதி 800 வந்து இந்தியக் கார் சந்தையையே புரட்டிப் போட்டது. 1984-ல் கான்டெஸ்ஸா வந்தது. அந்த நேரத்தில் ஸ்டாண்டர்ட் எடுத்த பெரிய சூதாட்டம்தான் 1985-ல் வந்த இந்த 2000.

உடம்பு ரோவர் எஸ்டி1. டேவிட் பாச்சே என்பவர் வடிவமைத்தது. முன்பக்கத்தைப் பார்த்தால் ஃபெராரி டேடோனா ஞாபகம் வரும், வர வேண்டும் என்றுதான் அப்படி வரைந்தார்கள். 1976-ல் பிரிட்டனில் வெளிவந்து, 1977-க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருதை வாங்கியது. 3528 சிசி, எட்டு சிலிண்டர், 155 குதிரைத்திறன். போலீஸ்காரர்கள் துரத்த வைத்திருந்தார்கள். 1984-ல் பிரிட்டிஷ் சலூன் கார் பந்தயப் பட்டத்தை ஆண்டி ரவுஸ் வென்றது இதன் விட்டெஸ் மாடலில்தான். ஆக, மாமா ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னது முழுப் பொய் இல்லை.

ஆனால் சென்னையில் பானெட்டுக்குள் வைத்தது அந்த இஞ்சின் இல்லை. வேன்கார்டு காலத்து நாலு சிலிண்டர், 1991 சிசி. சக்தி ஏறக்குறைய பாதி. நம் ரோட்டுக்காகக் காரைக் கொஞ்சம் உயர்த்தியும் விட்டார்கள். புது அச்சு, புது இஞ்சின், அந்நியச் செலாவணி எல்லாம் எண்பதுகளில் எவ்வளவு கஷ்டம் என்று யோசித்தால், கையில் இருந்ததை வைத்து ஓட்டப் பார்த்தது புரிகிறது. ஆனால் அத்தனை விலை கொடுத்து வாங்கியவனுக்கு ஏன் புரிய வேண்டும்? பார்வைக்குப் பாய்கிற கார், மிதித்தால் நகரவே யோசிக்கிறது. பெட்ரோல் மட்டும் குடிக்கிறது. கான்டெஸ்ஸாவும் அம்பாசடரின் 1489 சிசி இஞ்சினோடு இதே மாதிரி மெதுவாகத்தான் தொடங்கியது. ஆனால் அவர்கள் பிறகு இசுசு இஞ்சினுக்கு மாறி 2002 வரை ஓட்டினார்கள். ஸ்டாண்டர்டுக்கு அந்த வாய்ப்பு இல்லை. 1988-ல் கதவு சாத்தப்பட்டது.

எல்லோரும் இந்த இஞ்சினைத் திட்டியதை மட்டும் படித்துவிட்டு நானும் 'வேண்டாம்' என்று சொல்லியிருப்பேன். ஆனால் அந்த இஞ்சினுக்கும் ஒரு கதை உண்டு. இதன் குடும்பம்தான் ஃபெர்குசன் டிஇ20 டிராக்டரில் இருந்தது. அதே குடும்பம், அதே 1991 சிசி அளவில், டிரையம்ஃப் டிஆர்2 என்ற அசல் ஸ்போர்ட்ஸ் காரிலும் இருந்தது. 1953 மே மாதம் பெல்ஜியத்தில் யாப்பேக் என்ற இடத்து நெடுஞ்சாலையில் கென் ரிச்சர்ட்சன் அந்த டிஆர்2-ஐ மணிக்கு சுமார் 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக் காட்டினார். 1955-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துக்குப் போன மூன்று டிஆர்2-வும் கடைசி வரை ஓடி முடித்தன. வயலிலும் ஓடும், பந்தயத்திலும் ஓடும் என்றால் அது சாதாரண இரும்பு இல்லை. 1985-க்கு ரொம்பக் கிழடு, அவ்வளவுதான்.

இதில் சிலிண்டர் தனியாகக் கழற்றக்கூடிய குழாய். வெட் லைனர் என்பார்கள், தண்ணீர் நேராக அதன் வெளிப்புறத்தைத் தொட்டுக் குளிர்விக்கும். தேய்ந்தால் பிளாக்கை லேத்துக்குத் தூக்க வேண்டாம், லைனரை மாற்றிப் போட்டால் போதும். வயலில் வைத்தே டிராக்டரை ரிப்பேர் பண்ணுவதற்கு வசதி. பலவீனம் லைனரின் அடியில் இருக்கும் பேக்கிங். அது போனால் தண்ணீர் கீழே இறங்கி ஆயிலோடு கலக்கும். எனவே ஆயில் கேஜை உருவிப் பார்க்க வேண்டும். பால் சாயா நிறம் என்றால் திரும்பி நடக்கலாம்.

இதைப் படித்த பிறகு என் கணக்கே தலைகீழானது. கம்பெனியைக் கொன்ற அந்தப் பழைய இஞ்சின்தான் இன்று எந்த ஊர் மெக்கானிக்கும் பிரித்துப் பூட்டக்கூடிய ஒரே பகுதி. எல்லோரையும் மயக்கிய அந்தப் புது உடம்புதான் ஆபத்து. கண்ணாடி, லைட், கதவுத் தகடு, பீடிங் உடைந்தால் இங்கே எங்கே போவது? ஃபேக்டரி மூடிய பிறகு மிச்சமிருந்த ரோவர் சாமான்களை லிங்கன் நகரத்து ரிம்மர் பிரதர்ஸ் என்ற கடை வாங்கி இங்கிலாந்துக்கே கொண்டுபோய்விட்டது. சென்னையில் கிடந்த சாமானை லிங்கனிலிருந்து கப்பல் கூலி கொடுத்து வரவழைக்க வேண்டும்!

புத்தகக் கணக்கும் போட்டேன். வருஷம் 15 சதவீதத் தேய்மானம், குறைந்து வரும் மதிப்பு முறை. ஒரு பேச்சுக்கு 2 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய கார் 40 வருஷத்தில் சுமார் 300 ரூபாய். கேட்ட விலையோ அதைப் போல பல நூறு மடங்கு. மீதியெல்லாம் ஆசைக்கு. ஆர்.சி. வேறு 2011-ல் முடிந்து கிடக்கிறது. 20 வருஷம் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025-ல் 10,000 ரூபாய் ஆகிவிட்டது, தாமதக் கட்டணம் தனி. வின்டேஜ் என்று பதிவு செய்யலாமே என்றார் மாமா. 2021 விதிப்படி அதற்கு 50 வயசு ஆக வேண்டும், இந்தக் காருக்கு அது 2036-ல். அப்படியே பதிவானாலும் கண்காட்சி, பெட்ரோல், பராமரிப்பு தவிர தினமும் ஓட்ட முடியாது.

ஓணம் லீவில் ஒரு மெக்கானிக் அண்ணனையும் கூட்டிக்கொண்டு மறுபடி போனோம். புது பேட்டரி, கார்புரேட்டர் சுத்தம், பாட்டிலில் பெட்ரோல். ஆயில் கேஜ் கறுப்பாக, நல்லபடியாக இருந்தது. மூன்றாவது தடவை சாவி திருப்பியதும் பிடித்துக்கொண்டது. அந்தத் தடதட சத்தத்தில் கொட்டகைக் கோழிகள் எல்லாம் ஓடின. மாமா முகத்தைப் பார்க்க வேண்டுமே! கையில் காசுக் கட்டு இருந்திருந்தால் அங்கேயே கொடுத்திருப்பார்.

நான் ஒரு ஸ்க்ரூடிரைவரோடு தரையில் படுத்தேன். கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் இரும்புப் பெட்டி இருக்கிறதே, அதுதான் இந்தக் காரின் முதுகெலும்பு, தனி சேஸிஸ் கிடையாது. நம் ஊர் மழை தெரியும்தானே, ரெண்டு மழைக்காலத்திலும் பெய்யும். லேசாகத்தான் குத்தினேன். பிடி வரைக்கும் உள்ளே போனது. இடது பக்கம் ரெண்டு இடம், வலது பக்கம் மூணு. பின்கதவின் அடி ஓரம் பெயின்டால்தான் நின்றது.

மெக்கானிக் அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, "இஞ்சின் இன்னும் முப்பது வருசம் ஓடும். காருதான் இல்ல" என்றார்.

மாமா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் விற்பவரிடம் இஞ்சினை மட்டும் தருவீர்களா என்று கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே தார்ப்பாயை இழுத்து மூடினார். திரும்பி வரும் வழியில் நர்சரியில் வண்டியை நிறுத்தச் சொன்னார் மாமா.